ஜாக்கெட்டில் கோளாறா, உள்ளே போட்டிருப்பதிலா?

மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு ஓய்வு கிடையாது. திருக்கல்யாணத்தன்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளப் புதுப் புடவை வேண்டும், அதற்கு ஜாக்கெட்டும் வேண்டும். அப்படி ஒரு வருடம் பக்கத்துத் தெரு மதினி பட்டு ஜாக்கெட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். "முன்னால தூக்கிக்கிட்டு நிக்குது, ஹூக் பூட்ட முடியல." பக்கத்தில் விட்டிருந்த துணியை இறக்கித் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் அதே ஜாக்கெட்டோடு வந்தார். "இப்ப தொளதொளன்னு இருக்கு." மறுபடி பிடித்தேன். மூன்றாவது தடவைதான் எனக்குக் கேட்கத் தோன்றியது: "மதினி, உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

அளவு கொடுத்த அன்று வீட்டில் போடும் பழைய காட்டன் பாடி. தைத்ததைப் போட்டுப் பார்த்தபோது மகள் வாங்கிக் கொடுத்த பேடட் பிரா. திருத்தியதைப் போட்டுப் பார்த்தபோது திரும்பவும் பழைய பாடி. ஜாக்கெட் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு தடவை பிரித்துத் தைத்தது என் தலையெழுத்து, கேட்காமல் பிரித்தது என் தப்பு.

அதற்கப்புறம், குறை சொல்லி வருகிற எந்த ஜாக்கெட்டையும் கத்தரி வைக்கும் முன் உள்ளே இருப்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். நீங்களும் டெய்லரிடம் சண்டைக்குப் போகும் முன் கீழே உங்கள் குறை எது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்

ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு பிராவோடு மட்டும் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். சுற்றி வரும் எலாஸ்டிக் பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகில் மேலே ஏறி வளைந்து நின்றால் பட்டை தளர்ந்துவிட்டது, அல்லது வாங்கும்போதே பெரிது. மார்பின் கனத்தைப் பெரும்பாலும் தாங்குவது இந்தப் பட்டைதான். தோள் ஸ்ட்ராப்பை எவ்வளவு இழுத்து ஏற்றினாலும் பட்டை தளர்ந்த பிராவைக் காப்பாற்ற முடியாது, தோளில் பள்ளம்தான் மிச்சம்.

பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரி. கை முழுவதும் போனால் தளர்ச்சி. புது பிராவை எப்போதும் கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான வரிசையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். எலாஸ்டிக் நாளாக நாளாகத் தளரும்போது உள் வரிசைக்குப் போகலாம். வாங்கும்போதே உள் வரிசையில்தான் பொருந்துகிறது என்றால் ஆறு மாதத்தில் போக்கிடம் இல்லை.

இப்போது சைஸ். விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடையில் நின்றாலும் "34 குடுங்க" என்ற குரல்தான் கேட்கிறது. கடையில் ஆண்கள் நிற்பதால் பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஏ, பி, சி என்ற கப் எழுத்தைக் கேட்பவர் குறைவு. அட்டைப் பெட்டியில் 34-க்குப் பக்கத்தில் 75 என்று சின்னதாகப் போட்டிருக்கும், பாருங்கள். அது மார்புக்கு அடியில் சுற்றளவு, சென்டிமீட்டரில். 32-க்கு 70, 36-க்கு 80, 38-க்கு 85. மார்பு 34 இஞ்ச் இருக்கிறது என்று 34 வாங்கினால் தப்பாகப் போவது இதனால்தான்.

மூச்சை வெளியே விட்டு, மார்புக்குச் சற்றுக் கீழே டேப்பை ஒட்டிப் பிடித்து அளவெடுங்கள். 75-ஐ ஒட்டி வந்தால் பட்டை 34. பிறகு மார்பின் எடுப்பான இடத்தில் தளர்வாக ஒரு அளவு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 13 சென்டிமீட்டர் வாக்கில் வருவது ஏ, 15 வந்தால் பி, 17 சி, 19 டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்பின் இருக்கும். இன்னொன்று: 34 பி-யில் கப் சரி, பட்டை மட்டும் இறுக்கம் என்றால் 36 பி-க்குப் போகாதீர்கள். 36-க்கு மாறும்போது கப்பும் சேர்ந்து பெரிதாகிறது. அதே கப் வேண்டுமென்றால் 36 ஏ. பட்டை தளர்ச்சி என்றால் இந்தப் பக்கம் 32 சி.

"டாட் ஒரு இடத்துல, மார்பு ஒரு இடத்துல"

எனக்கு வரும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான். டாட் என்பது மார்பின் வடிவம் வரத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல். அதன் முனை எங்கேயோ கூர்மையாக நிற்கும், அதற்குக் கீழேயோ மேலேயோ துணி இழுபடும்.

முனை மேலே நிற்கிறது, மார்பு கீழே இருக்கிறது, முன்பட்டி உடம்போடு உட்காராமல் ஏறி ஏறி வருகிறது. இப்படி இருந்தால் நீங்கள் போட்டிருப்பது களைத்துப்போன பிரா. முதல் வைத்தியம் இலவசம்: ஸ்ட்ராப்பைச் சற்று ஏற்றி, முன்னால் குனிந்து மார்பை இரண்டு பக்கமும் கப்புக்குள் சரியாக எடுத்து வைத்து நிமிருங்கள். பல பேருக்கு இதிலேயே அரை இஞ்ச் மேலே வரும். வரவில்லையென்றால் வேறு பிரா போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் மட்டும் ஜாக்கெட்.

இதற்கு நேர்மாறு, முனை கீழே தொங்கி, மேலே துணி விம்மி நிற்பது. அளவு எடுத்தது பழைய பாடியில், இப்போது போட்டிருப்பது தூக்கிப் பிடிக்கும் புது பிரா. அல்லது அளவுக்கு நீங்கள் கொடுத்த ஜாக்கெட்டே ஐந்து வருடத்துக்கு முந்தையதாக இருக்கும். அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த ஜாக்கெட் தைத்தபோது என்ன போட்டிருந்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

சாதாரண நாலு டாட் ஜாக்கெட்டில் முனையை ஏற்றுவதும் இறக்குவதும் அரை மணி வேலை. கிண்ணம் மாதிரித் தனித் துண்டு வெட்டிச் சேர்க்கும் கட்டோரியிலும், மேலிருந்து கீழே ஓடும் நீளத் தையலில் வடிவம் வரும் பிரின்ஸஸ் கட்டிலும் அப்படி முடியாது. அங்கே மார்பின் வடிவம் வெட்டிலேயே வந்துவிட்டது, துணி போனது போனதுதான். அதனால் இந்த இரண்டு வகைக்கும் எந்த பிரா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அளவு கொடுக்கப் போகும் அன்று அதையே போட்டுக்கொண்டு போங்கள். கட்டோரிக்கு உருண்டையாக நிற்கும் தையலில்லாத மோல்டட் கப் நன்றாக இருக்கும். நடுவே தையல் போட்டுக் கூம்பாக வரும் பழைய மாதிரி காட்டன் பிராவுக்கு நாலு டாட்தான் ஜோடி. இரண்டும் கூம்பு, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். எங்கள் ஆச்சி காலத்து ஜாக்கெட் கச்சிதமாக இருந்ததன் ரகசியம் அதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

"ஹூக்குக்கு நடுவுல வாய் பிளக்குது"

பேடட் பிராவாக இருந்தால் அதைக் கழற்றி, பேட் இல்லாத மெல்லிய கப் போட்டுப் பாருங்கள். கனமான பஞ்சு சுற்றளவில் ஒரு இஞ்ச் வரை தின்றுவிடும். மெல்லிய கப்பிலும் பிளந்தால் உடம்பு கூடியிருக்கிறது. பக்கத்தில் துணி விட்டுத் தைத்திருந்தால் டெய்லர் இறக்கிக் கொடுப்பார். பின்னூசி குத்திச் சமாளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டில் ஊசி குத்திய ஓட்டை மூடாது.

"மேல ரெண்டு அடுக்கா பிதுங்குது"

கப் சின்னது. பட்டை சரியாக இருந்தால் அதே எண்ணில் அடுத்த எழுத்து வாங்குங்கள், 34 பி என்றால் 34 சி. மெல்லிய பட்டு, கிரேப், சாட்டின் ஜாக்கெட்டில் இந்த மடிப்பு அப்படியே வெளியே தெரியும். அக்குள் பக்கம் சதை பிதுங்குவதற்கும் பெரும்பாலும் இதே காரணம். பலர் அதைக் குண்டு என்று நினைத்து மனம் நோகிறார்கள்.

கப்பின் மேல் விளிம்பு சுருங்கி வெற்றாக நின்றால் உடனே சிறிய கப் என்று ஓடவேண்டாம். ஸ்ட்ராப் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

"தோள்ல ஸ்ட்ராப் எட்டிப் பாக்குது"

பானைக் கழுத்து, அகலமான சதுரக் கழுத்து வைத்தால் தோளில் இரண்டு இஞ்ச் துணிதான் மிஞ்சும். பிரா ஸ்ட்ராப் அதற்குள் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். கழுத்தை ஒட்டி ஓடும் ஸ்ட்ராப் அகலக் கழுத்துக்கு ஒத்துவராது, தோளின் ஓரத்தில் ஓடுவது வேண்டும். மேல் விளிம்பு தாழ்வாக வெட்டிய பால்கனெட் மாதிரிகளில் ஸ்ட்ராப் ஓரமாக இருக்கும். முன்கழுத்து இறக்கமாக இருந்தால் கப் விளிம்பும் வெளியே தெரியாது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

இருக்கிற பிராவிலேயே சமாளிக்க வழி உண்டு. தோள் தையலுக்கு உள்ளே சின்ன நாடா வைத்து, முனையில் டிச் பட்டன் தைத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்ட்ராப்பை அதற்குள் விட்டுப் பட்டனை அழுத்தினால் நாள் முழுக்க நகராது. தைக்கக் கொடுக்கும்போதே சொன்னால் பல டெய்லர்கள் தனிக் காசு கேட்பதில்லை. நான் கேட்காமலே வைத்துவிடுவேன். அளவு சொல்ல வெட்கப்படுபவர்கள் இதையும் கேட்க வெட்கப்படுவார்கள் என்பது அனுபவம்.

எட்டிப் பார்ப்பதற்குப் பதில் ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவி விழுந்துகொண்டே இருந்தால், பின்பட்டை தளர்ந்து முதுகில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டை ஏறினால் ஸ்ட்ராப் தளர்ந்து கீழே வரத்தான் செய்யும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. கல்யாண வீட்டு வீடியோ லைட்டில் அது மினுக்கும் மினுக்கில் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். வியர்த்தால் தோலை வேறு அறுக்கும்.

"முதுகுல பட்டை தெரியுது"

ஆரி வேலை செய்த ஜாக்கெட்டுகள் வந்தபிறகு பின்கழுத்து வருடத்துக்கு ஒரு இஞ்ச் இறங்குகிறது. குஞ்சம் தொங்கும், ஆயிரக்கணக்கில் செலவழித்த மயில் தோகை விரித்திருக்கும், அதன் கீழே வெள்ளை எலாஸ்டிக் பட்டை.

14 இஞ்ச் உயர ஜாக்கெட்டில் பின்கழுத்தை 10 இஞ்ச் இறக்கினால் கீழே 4 இஞ்ச் நிற்கும். இரண்டு கொக்கி வைத்த பிரா பட்டை அந்த 4 இஞ்சுக்குள் ஒளிந்துகொள்ளும், ஆனால் மட்டமாக நின்றால்தான். தளர்ந்து மேலே ஏறிய பட்டை 8 இஞ்ச் கழுத்திலேயே தலை காட்டும். அதனால் டெய்லரிடம் "டீப்பா வைங்க" என்று சொல்வதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். போட நினைக்கும் பிராவைப் போட்டுக்கொண்டு, தோளில் கழுத்து ஆரம்பிக்கும் இடத்திலிருந்து பின்பட்டையின் மேல் விளிம்பு வரை யாரையாவது நேராக அளக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு இஞ்ச் கழித்தால் வருவதுதான் உங்கள் பின்கழுத்தின் எல்லை. பட்டை 11 இஞ்சில் தொடங்கினால் கழுத்து 10-க்கு மேல் போகக்கூடாது.

இங்கே நிறையப் பேர் ஏமாறுவது ஸ்ட்ராப்லெஸ் பிராவில். ஸ்ட்ராப் இல்லையே தவிர, பட்டை அதில் இன்னும் அகலம். முதுகு அகலமாகத் திறந்து, பட்டை மறையும் அளவுக்குக் கீழே துணி இருந்தால் மட்டும் அது உதவும். அப்போதும் பட்டை நன்றாக இறுகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் முகூர்த்தம் முடிவதற்குள் இடுப்புக்கு வந்துவிடும்.

பின்பட்டையைக் கீழே இழுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டும் ஒரு நாடா விற்கிறார்கள். கவுன் போடுபவர்களுக்கு நல்ல சாமான். புடவையில் இடுப்பு தெரியும் இடத்திலேயே அது ஓடும், வேண்டாம்.

ஒட்டிக்கொள்ளும் சிலிகான் கப்? ஏசி மண்டபத்தில் மாலை வரவேற்புக்கு இரண்டு மணி நேரம் நிற்கப் போகிறீர்கள், எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் தடவவில்லை என்றால் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் வியர்க்க வியர்க்க நடக்கும் காதுகுத்துக்குப் போட்டுப் போய், பந்தியில் பரிமாறும்போது ஒன்று நழுவி வயிற்றுக்கு வந்த கதை எங்கள் சொந்தத்தில் உண்டு. யார் என்று சொல்லமாட்டேன்.

எல்லையைத் தாண்டிக் கழுத்து இறங்கத்தான் வேண்டும் என்றால் ஜாக்கெட்டுக்குள்ளேயே கப் வைத்துத் தைத்துவிடுவதே மேல். தையல் சாமான் கடைகளில் கப் சைஸ் சைஸாகக் கிடைக்கும். முன்பு புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தேடி வாங்குவோம், அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கப் வைத்த ஜாக்கெட்டில் நிறையக் குறை வருவது, உடம்பில் போட்டுப் பார்க்காமல் டேப் அளவை மட்டும் நம்பிக் கப்பைத் தைத்துவிடுவதால். லைனிங்கில் கப்பை ஊசியால் குத்தி வைத்து, போடச் சொல்லி, இடம் பார்த்துப் பிறகுதான் தைக்க வேண்டும். உங்கள் டெய்லர் கூப்பிடவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கனமான மார்பு உள்ளவர்களுக்குக் கப் மட்டும் தாங்காது. அவர்கள் கழுத்தை இரண்டு இஞ்ச் ஏற்றி வைத்து நிம்மதியாக இருப்பது நல்லது என்று நான் நேராகச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, அடுத்த தடவை வந்தவர்களும் உண்டு.

கப் வைத்த ஜாக்கெட்டுக்குள் பேடட் பிராவையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு விளிம்பும் இரண்டு வட்டமாக வெளியே தெரியும்.

"துணி மெல்லிசு, எல்லாம் தெரியுது"

சுங்குடிப் புடவைக்கு லைனிங் இல்லாத டூ பை டூ என்ற மெல்லிய துணி ஜாக்கெட்டைத் தாண்டி இந்த ஊர் வெயிலுக்கு வேறு உண்டா? ஆனால் வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் டூ பை டூவுக்குள் வெள்ளை பிரா போட்டால் பளிச்சென்று தெரியும். உங்கள் தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் வருவதைப் போடுங்கள். கடையில் ஸ்கின் கலர் என்று எடுத்துப் போடுவது யாருடைய ஸ்கின்னோ தெரியாது, நம் ஊர்த் தோலுக்கு அது வெளிறிப் போய் நிற்கும். காபிப்பொடி நிறமும் மெரூனும் மாநிறத்துக்கு நன்றாக மறையும். உள்ளங்கையைக் கவிழ்த்து, புறங்கை மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். லேஸ் வைத்ததும் நடுத்தையல் உள்ளதும் மெல்லிய துணிக்கு ஆகாது.

ஸ்லீவ்லெஸ், போட் நெக், நெட்

ஸ்லீவ்லெஸ்ஸில் ஸ்ட்ராப் கைப்பக்கம் வழிந்தால் பின்னால் இரண்டு ஸ்ட்ராப்பையும் நடுவில் சேர்க்கும் சின்ன கிளிப் போதும், முதுகு மூடியிருந்தால். போட் நெக்கில் முன்பக்கம் மூடியே இருப்பதால் முழுக் கப் பிராவே போடலாம், தோள் ஓரத்தை மட்டும் கவனித்தால் சரி. மேலே நெட் வைத்த ஜாக்கெட்டுக்கு உள்ளே கப் தைப்பதைத் தவிர அழகான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

"அடியில அரிக்குது, செவந்து போகுது"

லைனிங், பட்டு, பஞ்சுக் கப், அதற்கு மேல் பட்டுப்புடவை, அதோடு மாட்டுத்தாவணியிலிருந்து நின்றுகொண்டே டவுன் பஸ். வியர்வை போக இடமில்லை. வெயில் காலத்தில் வெளியே போகப் பேடட் வேண்டாம், காட்டன் போதும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, மார்புக்கு அடியில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பவுடரை அப்பினால் வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். சிவந்து, வெடித்து, வாடை வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தெரிந்தவர் சொன்ன களிம்பைத் தடவாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கம்பி குத்துகிறது என்றால், அக்குளில் குத்துகிறதா, துணியைக் கிழித்துக்கொண்டு வருகிறதா? முன்னது கப் சின்னது. பின்னது பிராவின் ஆயுள் முடிந்தது. வாஷிங் மெஷினும் முறுக்கிப் பிழிவதும் கம்பியையும் எலாஸ்டிக்கையும் சீக்கிரம் கொல்லும். கையால் அலசி, மொட்டை மாடி வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். ஒரே பிராவைத் தினமும் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக் பழையபடி சுருங்க நேரம் கிடைக்கும்.

"ஒரு பக்கம் மட்டும் சுருக்கம்"

தையல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் துணி வெற்றாக நிற்கிறது. இரண்டு மார்பும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. புதிதாக, திடீரென்று வித்தியாசம் வந்திருந்தால் மட்டும் டெய்லரை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். மற்றபடி பெரிய பக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி பிரா வாங்கி, சிறிய பக்கத்தின் கப்பில் மெல்லிய பேட் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். செருகுவதற்கு உள்ளே பை வைத்த மாதிரிகள் கிடைக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் என்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். என் அளவு நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் "வலது கால் இஞ்ச் கூட" என்று பென்சிலால் எழுதிய வரிகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த மதினியின் பக்கத்தில் வேறு வரி: "பேடட் போட்டு அளந்தது. பாடி போட்டு வந்தால் திருப்பி அனுப்பவும்."